கேமராவுக்குத் தெரியாத பெண்

கண்ணா, முதலில் ஒரு விஷயம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. "அம்மாவின் நடமாட்டம் வெகுநேரமாகத் தெரியவில்லை" என்று உன் போன் இந்நேரம் கூச்சல் போட்டிருக்கும். நான் கொல்லைப்புறத்தில் துணி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீ வீடு முழுக்க மாட்டிவிட்டுப் போன கண்களும் காதுகளும் இந்த இடத்துக்கு மட்டும் எட்டாது. சற்று முன்னால் நீ ஜெர்மனியிலிருந்து போன் செய்து "எங்க கீற?" என்று கேட்டபோது, கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறேன் என்று சொன்னது பொய். வீட்டில் இன்றைக்குக் கீரையே இல்லை. உன் நைனா கூடத்தில் பழைய மேஜை விசிறி ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு மும்முரமாக உட்கார்ந்திருக்கிறார், அவரை நீயே உன் போனில் பார்த்துக்கொள்ளலாம்.

போனிலேயே சொல்லலாமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ என்னை எங்கே பேச விடுகிறாய்? வீடியோவில் வந்தால் என் முகத்தைப் பார்ப்பதில்லை, என் தோளுக்குப் பின்னால் நைனா என்ன செய்கிறார் என்றே பார்க்கிறாய். நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் பாதியில் "அம்மா, அவரு செருப்பு போடாம நடக்கறாரு" என்கிறாய். தெலுங்கு மீடியத்தில் படித்த உனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் காதைத் திருகித் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்தேனே, அது இன்றைக்குத்தான் உருப்படியாகப் பயன்படப் போகிறது. நீ எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் படிப்பாய். குறுக்கே பேச முடியாது. எனக்கு அது போதும்.

விஷயம் இதுதான். நீ அனுப்பிய பூட்டு வந்துவிட்டது. கூரியர்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டுப் போனார். பெட்டியை நான் பிரிக்கவில்லை. உன் போன் சொன்னால் திறக்கும், என் விரல் பட்டால் திறக்கும், நைனாவின் விரல் பட்டால் மட்டும் வெளியிலிருந்தும் திறக்காது, உள்ளேயிருந்தும் திறக்காது என்று நீ விளக்கியபோது நான் 'உம்' கொட்டிக்கொண்டிருந்தேன். அந்த 'உம்' சம்மதம் இல்லை. "பூட்டு வாணாம்னா பெங்களூர்ல ஒரு ஹோம் பாத்து வெச்சிருக்கேன்மா, அங்கதான் சேக்கணும்" என்று கடைசியில் சொன்னாயே, அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்மேல் கோபம் இல்லை. பயந்துபோய்ப் பேசினாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்த இரண்டுமே நடக்கக் கூடாது என்று உன்னிடம் சண்டை போடத்தான் இந்தக் கடிதம். சண்டையை இனிமையாகப் போட முயற்சி செய்கிறேன்.

பூட்டு வேண்டாம் என்கிறவள் மற்றதையும் கழற்றி எறியச் சொல்வாள் என்று பயப்படாதே. நீ லீவு போட்டுக்கொண்டு வந்து, ஏணியில் ஏறி இறங்கி, நான் புதிதாக வெள்ளையடித்த சுவரையெல்லாம் சல்லடையாக்கிவிட்டுப் போனபோது மனதுக்குள் திட்டினேன், அது உண்மை. இப்போது திட்டுவதில்லை. கட்டில் மெத்தைக்குக் கீழே ஒரு பட்டையை விரித்தாயே, அதற்கு மாலை போட்டுக் கும்பிடலாம். அவர் எழுந்து காலைக் கீழே வைத்தால் என் தலைமாட்டில் 'டிங்' என்கிறது. அது வருவதற்கு முன்னால் அவருடைய லுங்கி முனையை என் முந்தானையோடு முடிச்சுப் போட்டுக்கொண்டு தூங்கினேன். கல்யாணத்தில் போட்ட முடிச்சுகூட அவ்வளவு இறுக்கமாக இல்லை. அடுப்பைத் தானாகவே அணைக்கிற பெட்டி வந்த பிறகு நிம்மதியாகத் தலைக்குக் குளிக்கிறேன். வேளைக்கு வேளை கத்துகிற மாத்திரை டப்பாவையும் குறை சொல்ல மாட்டேன், அதன் குரல் என் நாத்தனார் குரல் மாதிரி இருக்கிறது என்பதைத் தவிர.

சில வேடிக்கைகள் உனக்கு முழுதாகத் தெரியாது. கூடத்துச் சுவரில் நீ மாட்டிய, ஆள் அசைந்தால் கண்டுபிடிக்கிற வெள்ளைப் பெட்டி அடிக்கடி செத்துப்போகிறது என்று கம்பெனிக்காரர்களோடு மணிக்கணக்காகப் பேசினாயே, பாட்டரி சரியில்லை, வைஃபை சரியில்லை என்று. எதுவும் இல்லை. ரயில் பெட்டி பழுது பார்க்கிற கேரேஜ் ஷாப்பில் காலம் முழுக்க ஃபிட்டராக இருந்த மனுஷன் கண்முன்னால் நான்கு திருகாணி வைத்த பெட்டியை மாட்டினால் சும்மா இருப்பாரா? நாற்காலி போட்டு ஏறிக் கழற்றி, செய்தித்தாள் விரித்து, உள்ளே இருந்ததையெல்லாம் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். என் பெயர் சில நாள் அவருக்குத் தட்டுப்படுவதில்லை, ஆனால் எந்தத் திருகாணி எந்த ஓட்டைக்கு என்பதில் தவறுவதே இல்லை. திரும்ப மாட்டியும் வைத்துவிடுவார், மாட்டும்வரைதான் உன் போனில் அது செத்துக் கிடக்கும். அதனால்தான் பழைய இரும்புக் கடையிலிருந்து இந்த மேஜை விசிறியை வாங்கி வந்தேன். காலையில் பிரிக்கிறார், மாலையில் திரும்ப மாட்டுகிறார். உன் பெட்டி இப்போது பிழைத்துக் கிடக்கிறது.

இன்னொன்று, கேமரா வழியாக நீ பேசுவது. "நைனா, தண்ணி குடிங்க" என்று நீ சொன்னால் அவர் உத்தரத்தைப் பார்த்துக் கையை ஆட்டுகிறார் இல்லையா? உன்னைப் பார்த்து டாட்டா காட்டுகிறார் என்று நினைத்து நீயும் கை ஆட்டுகிறாய். உன் மனைவிகூட அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள் என்று சொன்னாய். அதை நான் கெடுத்திருக்க வேண்டாம்தான், ஆனாலும் சொல்கிறேன். ஷாப்பில் மேலே கிரேன் ஓட்டுகிறவர் அப்படித்தான் உயரத்திலிருந்து குரல் கொடுப்பாராம். உன்னை அவர் கிரேன்காரர் என்று நினைத்துக்கொண்டு "எறக்கு, எறக்கு, இன்னும் எறக்கு" என்று சைகை காட்டுகிறார். ஒருநாள் என்னிடம், "புதுசா வந்த கிரேன்காரன் நல்ல பையன்மே, தண்ணி குடி தண்ணி குடின்னு கேட்டுக்கினே கீறான்" என்று சொன்னார். நான் சிரித்துவிட்டேன். பிறகு சமையலறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன். அதன் பிறகு மறுபடி சிரித்தேன். நீயும் அதே வரிசையில் செய்துகொள்.

படுக்கையறைக் கேமராமேல் அவ்வப்போது துண்டு விழுகிறது, காற்றுக்கு விழுகிறது என்று சொல்லி வந்தேனே, அதுவும் காற்று இல்லை, நான்தான். அவருக்குத் துணி மாற்றும்போது போடுகிறேன். உன் நைனா கல்யாணமான புதிதில் என் முன்னாலேயே சட்டை மாற்றக் கூச்சப்பட்ட மனுஷன். மறதி வந்துவிட்டது என்பதற்காக அவருடைய கூச்சத்தை நாம் பிடுங்கிக்கொள்ளக் கூடாது. துண்டு விழுந்தால் உடனே போன் செய்யாதே. எடுத்துவிடுவேன்.

இப்போது பூட்டுக்கு வருகிறேன். இந்த விஷயத்தில் உன் அம்மாவுக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு, மறந்துவிட்டாயா? சித்தூரிலும் பிறகு திருப்பதியிலுமாக நான் பெண்கள் ஹாஸ்டலில் வார்டனாக இருந்தவள். ஒருவரை அவர் நல்லதுக்காகவே கண்காணிப்பது என்றால் என்ன என்று யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். சித்தூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இடுப்பில் சாவிக்கொத்து தொங்க, கேட்டை நானே பூட்டிவிட்டு உட்கார்ந்திருப்பேன். பெண்கள் வெளியே போகாமலா இருந்தார்கள்? சுவர் ஏறிக் குதித்தார்கள். குடிபாலாவிலிருந்து வந்து படித்த ஒரு பெண், அக்கா பிரசவத்துக்குப் போக லீவு கேட்டாள். அப்பா கையெழுத்து இல்லாமல் விடமாட்டேன் என்றேன். ராஜகுமாரிபோலப் பின்சுவரில் ஏறி, குதித்த இடத்தில் சாக்கடை. கணுக்கால் முறிந்து, உடம்பெல்லாம் சேறாக, "மேடம், என்னைக் கழுவிட்டுத் திட்டுங்க" என்று கேட்டாள். கழுவிவிட்டேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன், மாவுக்கட்டோடு அவளை அக்கா வீட்டில் நானே கொண்டுபோய் விட்டேன்.

அதற்குப் பிறகு கேட்டை நான் பூட்டவில்லை. எங்கே போகிறாய், யாரிடம் போகிறாய், எதற்குப் போகிறாய், இதை மட்டும் சொல்லிவிட்டுப் போ என்றேன். பெண்கள் சொல்லிவிட்டுத்தான் போனார்கள், பெரும்பாலும் உண்மையைத்தான் சொன்னார்கள். பூட்டினால் ஆள் வெளியே போகவில்லை என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும். அந்த ஆளுக்கு எங்கே போக வேண்டியிருந்தது என்பது தெரியாமலே போய்விடும். உன் நைனாவால் இப்போது அதைச் சொல்லிவிட்டுப் போக முடியாது. அதனால் கேட்க வேண்டியதில்லை என்று ஆகிவிடுமா?

ஜாத்திரை அன்று நடந்ததைப் பேசாமல் இது முடியாது. நீ உன் பக்கத்திலிருந்து பார்த்தாய், நான் என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். நீ ஊரை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிவிட்டதால் ஒன்றை மறந்திருப்பாய். கங்கம்மா ஜாத்திரை வாரத்தில் திருப்பதியில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. ஒருநாள் உடம்பெல்லாம் நாமக்கட்டி, ஒருநாள் குங்குமம், ஒருநாள் கரி, ஒருநாள் சந்தனம் என்று பூசிக்கொண்டு வேஷம் கட்டியவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். கடைசி நாளில் ஊர் ஆண்களில் பாதிப் பேர் புடவை கட்டிப் பூ வைத்துக்கொண்டு அம்மனிடம் போவார்கள். வாசலுக்கு வருகிறவர்கள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி ஆரத்தி எடுக்காமல் அனுப்ப முடியுமா? உன் கதவு மணியோ, கதவு திறந்தால் ஒருமுறை, மூடினால் ஒருமுறை, ஆள் நுழைந்தால் ஒருமுறை அலறிக்கொண்டிருந்தது. பம்பைச் சத்தத்துக்கு மேல் அது அலறியதில் வந்தவர்களுக்கே சாமி கலைந்துவிடும்போல் இருந்தது. சுவிட்சை அணைத்துவிட்டேன். நீயும் யோக்கியம் இல்லை. "தெரியாத நபர்", "தெரியாத நபர்" என்று உன் போன் காலையிலிருந்து கத்திக்கொண்டே இருந்ததால் நீயும் அதை ஊமையாக்கிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாய். ஊரே முகத்தை மாற்றிக்கொள்கிற நாளில், முகத்தைப் பார்த்து ஆள் சொல்கிற இயந்திரம் பாவம் என்ன செய்யும்?

முந்தின நாட்களிலேயே பம்பைச் சத்தம் அவரை என்னவோ செய்துகொண்டிருந்தது. வேஷம் கட்டியவர்கள் யாரை வேண்டுமானாலும் வாய்க்கு வந்தபடி திட்டலாம், அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்ற வழக்கம் உனக்குத் தெரியும். வேஷமே போடாமல் அவர் உன் கேமராவைப் பார்த்துச் சில வார்த்தைகள் சொன்னார். அப்போது நீ ஆபீஸில் ஸ்பீக்கர் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னாய். பக்கத்தில் தமிழும் தெலுங்கும் தெரிந்தவர்கள் யாரும் இருந்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். மறதி தொடங்கிய பிறகு, கூட்டம் ஆகாது என்று டாக்டர் சொன்னதால் அவரை ஜாத்திரைக்குக் கூட்டிப் போவதை நிறுத்தியிருந்தோம். அதற்கு முன்னால் ஒரு வருஷம்கூட அவர் வேஷம் கட்டாமல் இருந்ததில்லை. ஸ்கூல் வாசல் வழியாக அவர் புடவையில் போனபோது உன் சிநேகிதர்கள் பார்த்துவிட்டார்கள் என்று நீ பொழுதெல்லாம் சாப்பிடாமல் கிடந்தாயே, அது எனக்கு நினைவிருக்கிறது. உனக்கும் இருக்கும்.

அன்று நான் வாசலில் குனிந்து ஒரு கும்பலுக்குத் தண்ணீர் ஊற்றி, ஆரத்தி எடுத்து, வேப்பிலை வாங்கி அனுப்பிவிட்டு நிமிர்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து உன் போன் வந்தது.

"அம்மா! வீட்ல யாரோ ஒரு பொம்பள. பெட்ரூம்ல பீரோவத் தெறந்துக்கினு நிக்கிற மாதிரி போட்டோ வந்துகீது. நான் இப்பதான் பாக்கறேன். நீ எங்க கீற?"

"இன்னிக்கு ஊர்ல பாதி ஆம்பளைங்க பொம்பளதான்டா. ஆரத்திக்கு வந்திருப்பாங்க."

"பெட்ரூம்லயாம்மா ஆரத்தி எடுக்கற? நைனா எங்க?"

உள்ளே ஓடினேன். பீரோ திறந்திருந்தது. பச்சைக் கரை போட்ட என் மஞ்சள் புடவை இல்லை. பூஜையில் குழைத்து வைத்திருந்த சந்தனக் கிண்ணம் காலி. நீ அவர் கையில் கட்டிவிட்டிருந்த, ஆள் இருக்கும் இடத்தைச் சொல்கிற கைக்கடிகாரம் கண்ணாடி முன்னால் பத்திரமாக இருந்தது. வளையல் போட்டுக்கொள்ளக் கை வேண்டுமே, கழற்றி வைத்திருக்கிறார். உன் போனோ, நைனா வீட்டில்தான் இருக்கிறார் என்று சத்தியம் செய்துகொண்டிருந்தது.

பிறகு நீ கேட் கேமராவில் பதிவானதைப் பார்த்துவிட்டு எனக்கு அனுப்பியதை நான் பலமுறை போட்டுப் பார்த்துவிட்டேன். அந்தக் கும்பல் வரிசையாக நிற்கிறது. நான் குனிந்து கால்களை மட்டும் பார்த்து ஊற்றிக்கொண்டே வருகிறேன். வீட்டுக்குள்ளிருந்து ஒரு ஆள் மஞ்சள் புடவையில், தலையில் முக்காடோடு, நிதானமாக வந்து வரிசையின் கடைசியில் நிற்கிறார். அவர் காலிலும் ஊற்றுகிறேன். அவருக்கும் ஆரத்தி காட்டுகிறேன். அவர் என் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்துவிட்டுக் கும்பலோடு போய்விடுகிறார். உன் கேமராவுக்கு அடையாளம் தெரியவில்லை என்று கிண்டல் செய்ய எனக்கு வாய் கிடையாது. இத்தனை காலம் கூட வாழ்ந்த எனக்கே தெரியவில்லை.

ஆனால் கேமராவுக்கு ஒரு நன்றி உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். அது "தெரியாத பெண்" என்று பேர் வைத்து எடுத்த அந்தப் படம் மட்டும் இல்லையென்றால், புடவை கட்டிய அத்தனை ஆண்களுக்கு நடுவில் என் புடவையை எப்படித் தேடியிருப்பேன்? நீ படத்தை அனுப்பினாய், எதிர் வீட்டு ரமணம்மா அதைத் தெரு வாட்ஸாப் குரூப்பில் போட்டு, தெலுங்கில் நான்கு வரி எழுதினாள். எழுதும்போதே படத்தை உற்றுப் பார்த்து, "அக்கா, எங்க அன்னய்யா உங்களவிட நல்லா கொசுவம் வெச்சிருக்காரு" என்றாள். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அவள் அப்படிச் சொன்னாள். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், சிரிப்பு வந்துவிட்டது. உண்மையாகவே நல்ல கொசுவம். சட்டைப் பட்டனை ஒன்று மாற்றி ஒன்று போடுகிற மனுஷன், புடவை மடிப்பை அளவெடுத்தமாதிரி வைத்திருந்தார்.

கங்கம்மா கோயில் இருக்கிற தாதய்யகுண்டா பக்கம் அன்றைக்கு ஆட்டோ போகாது. இரண்டு பேரும் நடந்தும் ஓடியும் போனோம். தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுகிறார்கள், மோர் ஊற்றுகிறார்கள், எல்லார் போனிலும் உன் நைனாவின் படம். "இங்க கீறாரு", "அங்க போனாரு" என்று அழைப்பு வந்துகொண்டே இருந்தது. ஒரு மஞ்சள் புடவையைத் துரத்திப் போய்த் தோளைப் பிடித்துத் திருப்பினேன். அது எங்கள் பேங்க் மேனேஜர். அவரும் சளைக்காமல், "நமஸ்காரம்மா, இந்த மாசம் பென்ஷன் ஏறிடுச்சா?" என்று விசாரித்தார். காதில் நீ போனிலேயே இருந்தாய். நீ அழுவது கேட்டது. "கெணறு கீது, ரோடு கீது, அம்மா, அம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். எனக்கும் அதுதான் பயம். அதைப்போல ஒரு பயத்தை நான் பட்டதில்லை, கண்ணா. அதனால்தான் நீ பூட்டு வாங்கினாய் என்பதை நான் புரிந்துகொள்ளாமல் இல்லை.

கோயில் வரிசையில், ஒரு மோர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் இருந்தார். ரமணம்மாதான் முதலில் பார்த்தாள். "நைனா கெடைச்சிட்டாரு" என்று உனக்குச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அதற்கு மேல் அன்று உன்னிடம் எதையும் சொல்லவில்லை. அழுது களைத்துப் போயிருந்தாய். அங்கே நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் என் கோரிக்கைகளை முடித்துவிடுகிறேன். இல்லாவிட்டால் எழுத்து ஓடாது.

கைக்கடிகாரம் வேண்டாம். குளிக்கும்போது கழற்றுவார், வளையல் போடும்போது கழற்றுவார், திருகாணியைப் பார்த்தால் பிரித்தே போடுவார். எந்த வேஷத்திலும் கழற்றாத ஒன்று அவர் உடம்பில் இருக்கிறதே, அரைஞாண் கயிறு! அதில் கோக்கிற மாதிரி, தாயத்து அளவுக்கு, அந்த இடம் சொல்லும் கருவி கிடைக்குமா பார். கிடைத்தால் வெள்ளிக்கூட்டில் வைத்து நானே கட்டிவிடுகிறேன். ரமணம்மாவிடம் சொன்னபோது "அயிதே அக்கா, அப்படின்னா என் வீட்டுக்காரருக்கும் ஒண்ணு சொல்லுங்க, சாயங்காலமானா எங்க போறாருன்னே தெரியல" என்றாள். இரண்டாக வாங்கு.

கதவு மணியை இனி உன்னிடம் சொல்லாமல் அணைக்க மாட்டேன், ஜாத்திரையே வந்தாலும். ஆனால் அந்த மணி ஜெர்மனியில் அடித்து என்ன ஆகப்போகிறது? நீ அங்கிருந்து பறந்து வருவாயா? ரமணம்மா போனிலும் முனையில் இருக்கிற டிபன் கடைக்காரர் போனிலும் அடிக்கும்படி செய். இரண்டு பேரும் சரி என்றுவிட்டார்கள். அவர் வெளியே போனால் யாராவது ஒருவர் கூடவே போவோம், தடுக்க மாட்டோம். "எங்க போறீங்க, நானும் வரேன்" என்று சொன்னால் அவர் வேண்டாம் என்று சொல்வதே இல்லை. இப்போதெல்லாம் தினமும் அப்படித்தான் போகிறோம். ஒருநாள் ஸ்டேஷன்வரை போய் ரயில் பார்த்தோம், ஒருநாள் மைசூர் பஜ்ஜி தின்றுவிட்டு வந்தோம். என் முழங்கால் வலிகூடக் குறைந்திருக்கிறது.

அப்புறம் உனக்கும் ஒன்று. சாப்பிடும்போதும் அந்தப் போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எங்கள் கூடத்தையே பார்க்கிறாயாம், உன் மனைவி சொன்னாள். இங்கே இருந்தபோது நீ எங்களை இவ்வளவு பார்த்ததில்லை, சந்தோஷம்தான். ஆனால் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பார். மற்ற நேரத்தில் மணி அடித்தால் பார். மணி அடிக்காதவரை இங்கே விசிறிதான் பிரிக்கப்படுகிறது என்று எடுத்துக்கொண்டு உன் சோற்றை நீ தின்னு.

இப்போது அந்த வரிசைக்கு வருகிறேன்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் ரமணம்மா அவர் பக்கத்தில் நின்றுவிட்டாள். கையைப் பிடித்து இழுத்தால் மிரண்டுவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்தாள். "எவரிக்கோசம் அன்னய்யா மொக்கு? யாருக்கு வேண்டுதல்?" என்று கேட்டாள். அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

"என் பையனுக்கும்மா. ஜுரம் எறங்கவே மாட்டேங்குது, வெட்டி வெட்டி இழுக்குது. ஆஸ்பத்திரில அவங்கம்மா மட்டும் ஒண்டியா கீறா. சீக்கிரம் கும்ட்டுட்டுப் போவணும். கொஞ்சம் வழி விடச் சொல்றீங்களா?"

உனக்கு நாங்கள் இதைச் சொன்னதே இல்லை. உனக்கு நாலு வயதில் ஒரு ஜுரம் வந்தது. மூன்றாம் நாள் வலிப்பு வந்து கண் செருகிவிட்டது. டாக்டர் என்னைப் பார்க்காமல் நர்சைப் பார்த்தார். உன் நைனா ஷாப்பிலிருந்து எண்ணெய்க் கையோடு வந்து உன்னைப் பார்த்தார், அப்படியே திரும்பி வெளியே போனார். கங்கம்மாவிடம் போயிருக்கிறார். பையனைக் கொடுத்துவிட்டால், உடம்பில் தெம்பு இருக்கிறவரை வருஷா வருஷம் புடவை கட்டிக்கொண்டு உன் வாசலுக்கு வருகிறேன் தாயே என்று நேர்ந்துகொண்டு வந்தார். நீ சிநேகிதர்கள் முன்னால் வெட்கப்பட்டு அழுதபோதுகூட அவர் இதைச் சொல்லவில்லை, என்னையும் சொல்ல விடவில்லை. "தன்னாலதான் நைனா பொடவ கட்றாருன்னு அவன் மனசுல எதுக்கு ஏத்தணும்மே" என்றார்.

அவர் வெளியே போகும்போதெல்லாம் "இலக்கில்லாமல் அலைகிறார்" என்று உன் போன் எழுதுகிறது. அன்று அவருக்கு இலக்கு இருந்தது, கண்ணா. உன்னைக் காப்பாற்றத்தான் போய்க்கொண்டிருந்தார். நீ அனுப்பியிருக்கிற பூட்டு அன்றைக்கு அந்தக் கதவில் இருந்திருந்தால், பிள்ளை ஆஸ்பத்திரியில் துடிக்க, கதவு திறக்காமல், அவர் அதை முட்டிக்கொண்டே நின்றிருப்பார். முரண்டு பிடிக்கிறார் என்று நான் மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்திருப்பேன். எதற்காக முட்டினார் என்று உனக்கும் தெரிந்திருக்காது, எனக்கும் தெரிந்திருக்காது. அதை நினைத்தால்தான் எனக்கு அந்தப் பெட்டியைத் தொடவே கை வரவில்லை. அடுத்த ஜாத்திரைக்கு லீவு போட்டுக்கொண்டு வா. அவரோடு ஒருமுறை அந்த வரிசையில் நின்று பார். அதற்குப் பிறகும் பூட்டத்தான் வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், உன் கையாலேயே மாட்டு. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

வரிசையில் முன்னால் நின்றவர்கள் ஒருவர் விடாமல் அவருக்கு வழி விட்டார்கள். அம்மன் முன்னால் நின்று கும்பிட்டார். குங்குமத்தைப் புடவை முனையில் முடிந்துகொண்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வீட்டைப் பார்த்து வேகமாக நடந்தார். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். வீட்டுக்குள் வந்த பிறகுதான் என்னை அடையாளம் தெரிந்தது.

"ஏமே, பையனுக்கு ஜுரம் எறங்கிச்சா?"

"எறங்கிடுச்சிங்க. எழுந்து உக்காந்துக்கினு பசிக்குதுன்றான்."

"ரெண்டு இட்லி குடு. பொடி வாணாம், தொண்ட எரியும்."

அவர் பார்த்துக்கொண்டே நின்றதால் தட்டில் இரண்டு இட்லியை வைத்து, உன் பழைய அறைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அங்கே நின்றபடி உன் பங்கை நானே தின்றேன். காலித் தட்டைக் கொண்டுவந்து காட்டினேன்.

"துன்னுட்டானா?" என்றார்.

"துன்னுட்டான்" என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவர் புடவையை அவிழ்த்தார்.

அம்மா